படகுக்குள் பொங்கிய பால்

கண்டிப் பக்கத்திலேயே ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உள்ளே விடாத பாய்ப் படகு என்னுடையது ஒன்றுதான். இரண்டு வருடம் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பொய். அந்த இரண்டு வருடமும் படகு என் வீட்டு போர்ட்டிக்கோவில் நாலு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தது. தண்ணீரில் இருந்தது மொத்தம் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் அது உள்ளே விட்ட தண்ணீரில் ஒரு குடும்பமே குளித்துத் துணியும் துவைத்திருக்கலாம்.

இந்த வாரக் கதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்குகிறது. போர்ட்டிக்கோவில் படகு. படகுக்குள் என் மனைவி புஷ்பம், தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் மூன்று செங்கல். செங்கல்மேல் ஒரு தகரத் துண்டு. தகரத்தின்மேல் கேஸ் அடுப்பு. அடுப்பில் புதுச் சட்டி, சட்டி நிறையப் பால்.

நான் கீழே ஈரச் சாக்கோடு நிற்கிறேன். படகு பைபர். பக்கத்தில் திறந்த பெயின்ட் டின் இரண்டு.

"புஷ்பம், இது பத்திக்கிச்சுன்னா கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் வெளிச்சம் தெரியும்."

"நல்ல காரியம் நடக்கும்போது வாயக் கழுவிட்டுப் பேசுங்க."

"புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவாங்க. படகுக்கு எவன் காய்ச்சுனான்?"

அவள் நெருப்பைக் கொஞ்சம் கூட்டினாள்.

"நீங்க வீட்டுக்குள்ளயா இருக்கீங்க? ரெண்டு வருசமா இதுக்குள்ளதான கெடக்குறீங்க? அப்ப எது வீடு?"

சாக்கை இன்னும் கொஞ்சம் நனைத்துக்கொண்டு வந்து நின்றேன்.

குஷன்காரனுக்கு எதற்குப் படகு

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் செல்வம். தொழில் குஷன் வேலை. ஓட்டோ சீட், ஓட்டோ மேல்கூடு, சோபா, மோட்டார் சைக்கிள் சீட், எது கிழிந்தாலும் தைப்பேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையும் இரண்டு தடவை படித்தேன், அதனால் மூன்றாம் வகுப்புப் பாடத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. இந்தக் கதையை எழுதுவது கலண்டரில் கிழித்த தாள்களின் முதுகில். என் கோணல் எழுத்தை நிமிர்த்தி அச்சடிக்கிறவர்களுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.

நீர்த்தேக்கத்துப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குக் கதிரை குஷன் தைக்கப் போனேன். சமையல் நடக்கிற குசினிக்குப் பின்னால் பதினாலடிப் படகு ஒன்று குப்புறக் கிடந்தது. அதற்கடியில் கோழிகள் குடும்பம் நடத்தின. பக்கத்தில் அதன் பாய், தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை கிழிந்து கிடந்தது.

எனக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடலையே கொழும்பில் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் கிழிந்த துணியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. நான் அந்தப் பாயைத் தடவிக்கொண்டு நின்றதை மேனேஜர் பார்த்துவிட்டார்.

"வேணும்னா கொண்டுபோங்க. இடம் காலியானாப் போதும்" என்றார்.

பாயைத்தான் சொல்கிறார் என்று தலையாட்டினேன். அடுத்த நாள் சின்ன லொறியில் படகே வந்து வீட்டு வாசலில் நின்றது. கூடவே இரண்டு முட்டை.

புஷ்பம் சுற்றி வந்து பார்த்தாள். "இது எத்தன நாளைக்கு?"

"ரெண்டு வாரம்."

அது முதல் பொய். இரண்டு வாரம் இரண்டு மழைக்காலமானது.

வேலை பழகியது போனில். வெள்ளைக்காரர்கள் படகு திருத்துகிற வீடியோ ஆயிரம் இருக்கிறது. அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது, அதனால் சத்தத்தை அணைத்துவிட்டுக் கையை மட்டும் பார்ப்பேன். தைக்கிறவனுக்குக் கை போதும். ஒருவர் பைபர் பூசுவதற்கு முன்னால் படகுக்கு மேலே கையை அப்படியும் இப்படியும் வீசினார். ஏதோ நுணுக்கம் என்று நானும் ஒவ்வொரு தடவையும் வீசினேன். மூன்று மாதம் கழித்துத் தேவன் அண்ணன் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, அவர் இலையான் கலைக்கிறார்." மூன்று மாதமாக நான் இல்லாத ஈயை விரட்டியிருக்கிறேன்.

தேவன் அண்ணன் தீவுப்பகுதிக்காரர். பேராதனையில் வேலை, இருபது வருடமாக மலையில் இருக்கிறார், ஆனால் உப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. மோட்டார் சைக்கிள் சீட் தைக்க வந்தவர் என் போனில் படகுப் படத்தைப் பார்த்தார், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். என் பாயை விரித்துக் காட்டினேன். பழைய பாய் உக்கி நைந்துபோனதால், தேர்தல் முடிந்து கழற்றிய பெனர் ஒன்றை வெட்டித் தைத்திருந்தேன். அதில் ஒரு வேட்பாளர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தேவன் அண்ணன் நெடுநேரம் பார்த்தார்.

"ஆர் இவர்?"

"தோத்தவரு அண்ணன். ஜெயிச்சவரோட பெனரை யாரும் கழட்டித் தரமாட்டேங்குறாங்க."

"ஓம், பரவாயில்லை. காத்துப் பிடிச்சா முகம் கொஞ்சம் நிரம்பும். அவருக்கும் ஒரு சந்தோசம்தானே."

தையலை இழுத்துப் பார்த்தார். மூன்று வரிசைத் தையல், ஓட்டோ கூட்டுக்குப் போடுகிற நூல். அதில் மட்டும் அவரால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அது பொய்யில்லை. வேண்டுமானால் வந்து இழுத்துப் பாருங்கள்.

பதினொரு நாள் செவ்வாய்

படகு வேலைக்கு நேரம் எங்கே என்று பலபேர் கேட்கிறார்கள். அதற்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டது புஷ்பம்.

குசினி வாசலில் நாட்தாள் கலண்டர் தொங்குகிறது. ஒவ்வொரு தாளிலும் அவள் பென்சிலால் ஒரு வீட்டு வேலை எழுதுவாள். அதற்குக் கீழே நான் ஒரு படகு வேலை எழுதலாம். ஒன்றுக்கு ஒன்று. வீட்டு வேலையை முடித்தால்தான் தாளைக் கிழிக்கலாம். கிழிக்காத வரை அந்த நாள் முடியவில்லை என்று கணக்கு.

நல்ல சட்டம்தானே என்று நானும் ஒத்துக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் "சிங்க் குழாய் வொஷர்" என்று எழுதினாள். நான் "பாய் ஓரம் மடித்துத் தைத்தல்" என்று எழுதினேன். தைக்க உட்கார்ந்தவன் எழும்பவில்லை. புதன் வந்தது, தாள் செவ்வாயில் நின்றது. வியாழன் வந்தது, தாள் செவ்வாயில் நின்றது.

எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி.

சனிக்கிழமை மத்தியானம் பருப்பும் பூசணிக்காயும் வைத்தாள். "என்னாடி, சனிக்கெழமதான?" என்றேன்.

"கலண்டரப் பாருங்க."

பார்த்தேன். செவ்வாய்.

ஞாயிறு பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தார்கள். நான் மதில் பக்கமாகக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து வெறும் சோற்றைச் சாப்பிட்டேன். அப்படியே பதினொரு நாள். பதினோராம் நாள் காலையில் தோற்றுப்போய், குழாயைக் கழற்றி வொஷர் போட்டு, ஒரு சொட்டு விழாமல் நிறுத்திக் காட்டினேன். வெற்றியோடு பத்துத் தாளையும் ஒரே இழுவையாகக் கிழித்தேன்.

வந்து நின்றது வெள்ளிக்கிழமை.

அதற்குப் பிறகு வீட்டு வேலையை நான் தள்ளிப்போட்டதே இல்லை. ஒன்றைத் தவிர. போர்ட்டிக்கோத் தகரக் கூரையில் ஒரு ஆணி ஓட்டை. மழை பெய்தால் டக், டக் என்று விழும். ஆனால் நேர் கீழே படகு, படகின்மேல் தறப்பாள். விழுகிற தண்ணீர் தறப்பாளில் வழிந்து தரைக்குப் போய்விடும். தரை எந்நேரமும் ஈரம், அவ்வளவுதான். "கூரை ஒழுக்கு" என்று அவள் எழுதும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சமாளித்து, அதற்குப் பதில் வேறு வேலை வாங்கிக்கொள்வேன்.

பதினைந்து நிமிடம்

முதல் தடவை படகை இறக்கியது போன வருடம், பெருமழைக்கு முன்னால். ஹோட்டல் மேனேஜரே கரையில் இடம் கொடுத்து, கேட்க வேண்டியவர்களிடம் கேட்டும் கொடுத்தார்.

நான்கு பேர் போனோம். நான், புஷ்பம், தேவன் அண்ணன், அக்குறணையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நிஸார் நானா. படகின் மூக்கில் ஒரு பழைய வெடிப்பு இருந்தது. அதை அடைத்த ரெஸின் பசை நானாவின் கடையில் வாங்கியது. அதனால் தன் சரக்கு மிதக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார்.

புஷ்பத்துக்கு இடுப்பு வலி. வெறும் பலகையில் உட்காரமாட்டாள். அதனால் அவளுக்கென்று படகின் நடுவில் ஒரு சீட் செய்திருந்தேன். நாலு அங்குல ஸ்பொஞ், சிவப்பு ரெக்ஸின், முதுகுக்குச் சாய்மானம், விளிம்பில் வெள்ளைப் பைப்பிங். மந்திரி காருக்குக்கூட அப்படிச் செய்ததில்லை. அதற்குக் காரணம், மந்திரி யாரும் என்னிடம் வந்ததில்லை.

நானும் புஷ்பமும் மட்டும் ஏறினோம், கரையிலிருந்து முப்பதடி போயிருப்போம். தோற்ற வேட்பாளரின் கன்னம் உப்பியது. நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, படம் எடுக்கச் சொல்லிக் கரையைப் பார்த்துக் கத்தினேன்.

"என்னாங்க, கால் நனையுது."

"அல தெறிச்சிருக்கும்."

"அல எங்க இருக்கு? கொளம் மாதிரி கெடக்கு."

"படகுன்னா கொஞ்சம் ஈரம் இருக்கும்டி. ஒனக்குப் பழக்கமில்ல."

எனக்கு ரொம்பப் பழக்கம். எட்டு நிமிடப் பழக்கம்.

அப்புறம் அவளுடைய செருப்பு ஒன்று மிதந்து என்னிடம் வந்தது. நான் சட்டென்று கரைப் பக்கம் திருப்பினேன். இடுப்பளவுத் தண்ணீரில் படகு அமைதியாக உட்கார்ந்துவிட்டது. புஷ்பம் என்னைத் திட்டவில்லை. சோற்றுப் பார்சல் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, சேலையோடு நடந்து கரையேறினாள். அவள் திட்டாத நாட்கள்தான் எனக்குப் பயம்.

லொறியில் ஏறும்போது ஒரு வார்த்தை சொன்னாள்: "பார்சல் நனஞ்சிருச்சு."

பழியை ரெஸின்மேல் போட்டேன்

ஒரு மனிதன் மூழ்கினால் உடனே தேட வேண்டியது யார்மேல் பழி போடலாம் என்பதைத்தான். நான் அக்குறணைக்கு பஸ் ஏறினேன்.

"நானா, ஒங்க ரெஸின்ல கோளாறு."

நிஸார் நானா பெயின்ட் டின்னைக் கீழே வைத்தார். கடையில் ஆட்கள் நின்றார்கள்.

"என்ட ரெஸின்லயா? அத வாங்கி மனிசர் தண்ணி டாங்கி அடைக்கிற. ஒனக்கு மட்டும் எப்பிடி ஒழுகின?"

"மூக்குல அடைச்சது ஒழுகுது."

"மூக்குல ஒழுகினா தடிமலா ஈக்கும், டொக்டர்ட போ."

கடையே சிரித்தது. எனக்குக் கோபம் வந்து, இனி உங்கள் கடைப்படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிலிமத்தலாவையில் வேறு கடையில் ரெஸின் வாங்கினேன். மூக்கைச் சுரண்டினேன், அடைத்தேன். மறுபடி சுரண்டினேன், மறுபடி அடைத்தேன். மூன்று தடவை. அந்தப் படகின் மூக்கு இப்போது என் மூக்கைவிடத் தடிப்பு.

அடைத்தது சரியா என்று பார்க்க உள்ளே தண்ணீர் ஊற்றலாம். ஆனால் எங்கள் மேட்டுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் குழாய்த் தண்ணீர். புஷ்பம் இரண்டு வாளிக்கு மேல் தரவில்லை. அந்த இரண்டு வாளியையும் ஊற்றிவிட்டு மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூக்கில் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒரு மணித்தியாலத்தில் உள்ளே தண்ணீர் குறைந்திருந்தது. எங்கே போனது? தரையெல்லாம் ஏற்கெனவே கூரைத் தண்ணீர். ஈரத்தில் ஈரத்தைத் தேட என்னால் முடியவில்லை.

இதற்கிடையில் புஷ்பத்தின் சமையல் பெருகிவிட்டது. மத்தியானச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுக்கிறாள். ஆசிரியர்மார், வங்கியில் வேலை செய்கிறவர்கள், எல்லாரும் வாங்குகிறார்கள். முப்பது பார்சல் அறுபதானது. அறுபதையும் எங்கள் கட்டில்மேல் விரித்துக் கட்டினாள். நான் படுக்கும்போது தலையணையில் சம்பல் வாசம்.

ஒரு நாள் கலண்டர் ஆணியில் சின்னப் பைக்கற்று ஒன்று தொங்கியது. கீரை விதை.

"இது என்னாடி?"

"எனக்கு போர்ட்டிக்கோ வேணும். அங்க மேச போட்டாத்தான் பார்சல் கட்டலாம். வாற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு கடைசி. படகு மெதந்தா அங்கயே ஹோட்டல் கரையில விட்டுட்டு வாங்க, எப்ப வேணும்னாலும் போய் ஓட்டுங்க, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். முங்குனா கொண்டுவந்து பின்னுக்குப் போடுங்க. மண்ணு நெரப்பிக் கீர வெதைக்கிறேன்."

"பாய்மரம்?"

"பாகக்காக் கொடி படர விடலாம்."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள்.

"நீ ஏறி வருவியா?"

"ஒருக்கா வந்தேன் போதாதா?" என்று உள்ளே போனவள், திரும்பி வந்தாள். "போன தடவ பால் காய்ச்சாமப் போனோம். அதான் முங்கிருச்சு. இந்த ஞாயித்துக்கெழம நேரம் நல்லா இருக்கு. காய்ச்சிப் பாப்போம். அப்புறம் பேசலாம்."

இப்படித்தான் அந்த ஈரச் சாக்கு என் கைக்கு வந்தது.

பூனை

பால் கொதிக்கத் தொடங்கியது.

"கெழக்கால பொங்கணும்" என்றாள்.

"கெழக்கு எது?"

"படகு ஓட்டுற ஆளு கெழக்கு தெரியாதா?"

நான் மூக்குப் பக்கம் என்றேன். அவள் சுக்கான் பக்கம் என்றாள். நான் போனில் திசை பார்க்கிறேன் என்று சொல்லிக் கண்ணாடியைத் தேடினேன். இரண்டு பேரும் சண்டை போட்டு முடிப்பதற்குள் பால் நாலு திசையிலும் பொங்கி, சட்டியில் பாதி படகுக்குள் இறங்கிவிட்டது.

"பொங்கிருச்சு!" என்று அவள் கும்பிட்டாள். நான் பாய்ந்து அடுப்பை நிறுத்தினேன். பால் சீட்டுக்கு அடியில் ஓடித் தேங்கியது. துடைக்கத் துணி எடுத்து வந்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பூனை மதிலிலிருந்து குதித்தது. நேராகப் படகுக்கு அடியில் போனது. மூக்குப் பக்கம் அல்ல, நடுப்பக்கம். தலையை நிமிர்த்தி, நாக்கை நீட்டி, படகின் அடிவயிற்றை நக்கத் தொடங்கியது.

குனிந்து பார்த்தேன். வெள்ளையாக ஒரு சொட்டு. பூனை நக்கியது. இன்னொரு சொட்டு. பூனை நக்கியது. ஈரத் தரைக்கு மேலே பால் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

பூனையைத் தள்ளிவிட்டு விரலால் தடவினேன். ஒரு ஸ்குரூவின் நுனி.

அந்த ஸ்குரூவை எனக்குத் தெரியும். நான் போட்டது. புஷ்பத்தின் சீட்டை இறுக்க நாலு ஸ்குரூ போட்டேன். ஒன்று கொஞ்சம் நீளம், அடியில் எட்டிப் பார்த்தது. ஓட்டோவில் அப்படி வந்தால் என்ன செய்வோம்? நுனியை அரத்தால் ராவி, மேலே பெயின்ட் அடித்துவிடுவோம். தரைக்குக் கீழே இருப்பது ரோட்டுதானே. முப்பது வருடமாக அப்படித்தான் செய்கிறேன். இதிலும் அதையே செய்தேன். செய்துவிட்டு, வேலை சுத்தம் என்று தட்டிக்கூடக் கொடுத்தேன்.

அந்தப் படகு ஹோட்டலில் கிடந்தபோது அதன் அடியில் ஒரு ஓட்டையும் இல்லை. ஓட்டை போட்டது நான். அதுவும் அவளுடைய இடுப்பு நோகக் கூடாது என்று.

"என்னா கீழயே இருக்கீங்க?" என்று மேலிருந்து கேட்டாள்.

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். ஓட்டோ கதையையும் சேர்த்து.

பிறகு படகு ஆடியது. தீ ஏதும் பிடித்துவிட்டதோ என்று தலையைத் தூக்கினேன். அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வாரம் ஒரு வேலையும் எழுதமாட்டேன்" என்றாள். "கூரையக்கூட அப்புறம் பாப்போம். இத முடிங்க."

சத்தமாகச் சொல்லு

முதலில் அக்குறணை. கடையில் வழக்கம்போல் ஆட்கள். நான் வாசலிலேயே நின்றேன், படி ஏறமாட்டேன் என்று சொன்ன வாக்கு இருக்கிறதே.

"நானா, ஒங்க ரெஸின்ல கோளாறு இல்ல."

"என்ன? கேக்கல்ல."

"கோளாறு இல்லன்னேன்."

"சத்தமாச் செல்லு. அண்டைக்கி சத்தமாத்தானே சென்ன?"

கத்தினேன். தெருவுக்கு அந்தப் பக்கப் பேக்கரியிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். நானா ரெஸின் டின்னைத் தானே கொண்டுவந்து, படியில் இறங்கி, என் கையில் வைத்தார்.

"எங்கால ஒழுகின?"

"பூனை காட்டிச்சு நானா."

"ஒன்ன விட அதுக்குப் படகு வெளங்குது" என்றார். "ஞாயித்துக்கெழம நானும் வாரன்."

தேவன் அண்ணன் மாலையில் வந்து ஓட்டையைப் பார்த்தார். "உதுதான் முழுப் பயணத்தையும் கெடுத்ததோ? ஆள் பாரம் ஏற வாய் விரிஞ்சிருக்கும்." என்று சுண்டுவிரலை வைத்து அளந்தார். நாலு ஸ்குரூவையும் கழற்றி, ஓட்டைகளைச் சுற்றிச் சுரண்டி, உள்ளேயும் வெளியேயும் பைபர் துணி வைத்து ரெஸின் பூசச் சொன்னார். அந்த வாரம் முழுக்க மழை, குளிர். ரெஸின் காயாமல் பிசுபிசுத்தது. கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டுகிற பல்பு ஒன்றை வாங்கி, படகின் வயிற்றுக்கடியில் கட்டினோம். பூனையும் அங்கேயே குடிவந்தது. வெள்ளிக்கிழமை தட்டிப் பார்த்தேன். கல்.

சீட்டுக்கு இனி ஸ்குரூ கிடையாது. ஓட்டோ கூட்டுக்குப் போடுகிற பட்டி எடுத்து, நாலு மூலையிலும் வளையம் தைத்து, படகின் இரண்டு விளிம்பிலும் இழுத்துக் கட்டினேன். தேவன் அண்ணன் ஏறி உட்கார்ந்து, ஆட்டி, குதித்துப் பார்த்தார்.

"ஆர் சொல்லித் தந்தது?"

"யாருமில்லண்ணன். என் மூளை."

"அப்ப முதலே அதைக் கேட்டிருக்கலாமே."

பதினாறாம் நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை நிஸார் நானா இனிப்புக்கு வட்டலப்பம் கொண்டு வந்தார், தண்ணீர் புகாத பெட்டியில். "போன தடவ ஒங்கட சோத்த நனைச்சிட்டீங்க" என்றார். புஷ்பம் அதே சேலையில் வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை. மறு கையில் கீரை விதைப் பைக்கற்று.

"அது எதுக்குடி?"

"சும்மா. கையில இருக்கட்டும்."

ஏறுவாளா என்று நான் கேட்கவில்லை. தேவன் அண்ணன் படகைப் பிடித்துக்கொண்டார். அவள் கரையில் நின்று சிவப்புச் சீட்டைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி நானாவிடம் கொடுத்தாள். ஏறி உட்கார்ந்தாள்.

பாய் விரிந்தது. தோற்றவர் சிரித்தார். தள்ளிவிட்டார்கள்.

இந்தத் தடவை நான் கழுத்தை நீட்டவில்லை. இரண்டு பேரும் தண்ணீரைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை, படகின் தரையையே பார்த்துக்கொண்டு போனோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கரையில் நானா போனைப் பார்த்து விரலால் எண்ணிக்கை காட்டினார். பதினைந்து. அவள் கால் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

பதினாறு.

அவள் குனிந்து, உள்ளங்கையால் தரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"காஞ்சு கெடக்கு. ஆனா புளிச்ச பால் நாத்தம். கழுவவே இல்லையா?"

"நீ தண்ணி தரலியே."

சிரித்தாள். விதைப் பைக்கற்றைப் பைக்குள் போட்டாள். சாய்மானத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டினாள். இரண்டு வருடத்தில் அவள் அந்தப் படகைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னும் கொஞ்சம் தூரம் போங்க" என்றாள்.

போனேன். எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள், கரையில் நின்றவர்கள் கடுகாகத் தெரிந்தார்கள். சரியாக அங்கே வைத்துக் காற்று நின்றது. பாய் தொங்கியது, வேட்பாளர் மறுபடி தோற்ற மாதிரி ஆகிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் பயந்திருப்பான். நான் பயப்படவில்லை. சுக்கானை இப்படிப் பிடித்து, பாயை அப்படி இழுத்து, இல்லாத காற்றையும் வரவழைத்து, தனி ஒருவனாக...

"என்னாங்க!"

போர்ட்டிக்கோவிலிருந்து புஷ்பம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வெளியே மழை பிடித்துவிட்டது. படகு இப்போது ஹோட்டல் கரையில், தறப்பாளுக்கு அடியில், சொட்டு ஈரமில்லாமல் இருக்கிறது. அது இருந்த இடத்தில் அவளுடைய நீள மேசை. மேசையில் இன்றைய எழுபது பார்சல், இன்னும் மூடவில்லை.

"என்னாங்க, ஆணி ஓட்டை! சோத்துலயே விழுது! ஏணிய எடுத்துக்கிட்டு ஓடி வாங்க!"

"ஒரு நிமிசம்டி, படகு கதைய முடிச்சிட்டு..."

"தேவன் அண்ணன் இன்னொரு படகுல வந்து கயிறு கட்டி இழுத்ததுதான? அத நான் எழுதிக்கிறேன். நீங்க வாங்க!"

கலண்டரைப் பார்த்தேன். பென்சிலால் "கூரை ஒழுக்கு" என்று எழுதியிருக்கிறது, இரண்டு தடவை அடிக்கோடு போட்டு.

இன்றைக்கு வியாழன். தாள், இன்னும் செவ்வாய்க்கிழமை.

"வந்துட்டேன்!"